மரத்தடியில் ஒரு விதைப் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு கொடுக்காப்புளி மரத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் எங்கள் பள்ளி. சுற்றுச்சுவரை ஒட்டி அந்த மரம் நிற்கிறது. பங்குனியில் காய் சிவந்து சுருண்டு வெடித்தால் பாதி வகுப்பு மரத்தடியில்தான். முள் குத்திக் கால் வீங்கிய பையன் ஒருவன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் மரத்தை வெட்டிவிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

அந்த வாரமே ஐந்தாம் வகுப்பில் விதைப் பாடம். கரும்பலகையில் அவரை விதை வரைந்துகொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை. அம்மாவோடு ஏரியில் இறால் தடவப் போய்விடுவதால் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள். வந்தாலும் வாய் திறக்க மாட்டாள். அன்று எழுந்து வந்து, "சார், இதுக்கு ரெண்டு தோலு" என்றாள். கையில் கொடுக்காப்புளி விதை. கறுப்புத் தோலை மட்டும் நகத்தால் உரித்திருந்தாள். உள்ளே பழுப்புத் தோலில் ஒரு கீறல் இல்லை. நாமெல்லாம் சின்ன வயதில் பந்தயம் கட்டி உரித்ததுதான். எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

பாடத்தை மரத்தடிக்கு மாற்றினேன். ஓர் இலைக்காம்பு இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு சிற்றிலை. பெருக்கல் கணக்கு அங்கேயே முடிந்தது. நாம் தின்னும் வெள்ளைச் சதை விதையைப் போர்த்தி வளர்வது. பறவை அதைத் தின்ன வரும், விதை வேறிடம் போகும். தொண்டையைக் கட்டுவது அதிலுள்ள துவர்ப்பு.

தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ஒருவன், "எங்க வீட்ல சீமசிந்தகாய்னு சொல்வாங்க" என்றான். சீமைப்புளி. எந்தச் சீமை? உலக வரைபடத்தை எடுத்தோம். மரத்தின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும். ஸ்பானியர் அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 1565 முதல் 1815 வரை அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே அவர்களுடைய கப்பல்கள் ஓடின. ஆங்கிலத்தில் இதை மணிலாப் புளி என்பது அதனால்தான். சோழமண்டலக் கரையின் தாவரங்களை நூலாக்கிய வில்லியம் ராக்ஸ்பர்க், இனிப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லை இதன் பெயரில் வைத்தார். 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர்ப் பிள்ளைகளுக்குக் கப்பல் கதை புதிதா என்ன? மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அந்தப் பிள்ளை இப்போதும் வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நானே எழுந்து, கைக்கெட்டும் கிளைகளை மட்டும் கழித்தால் போதும் என்றேன். முள்ளை வேலிக்குக் கேட்டு இரண்டு பேர், ஆட்டுக்குத் தழை கேட்டு ஒருவர் உடனே கை தூக்கினார்கள்.