எத்துப்பல்: எப்போது காட்டுவது, எப்போது தொடங்குவது?

(நம் சங்கத்தின் நலவாழ்வுச் சந்திப்பில், குடியிருப்பில் வசிக்கும் பல் சீரமைப்பு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

லிஃப்டில், பார்க்கில், பால் வாங்கப் போகும் இடத்தில் என்று பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறீர்கள். அதில் அதிகம் வரும் கேள்வி எத்துப்பல். அதனால் இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு பல் மேல் இன்னொரு பல் ஏறி நிற்பது தெத்துப்பல். மேல் முன்பற்கள் வரிசையாக வெளியே தள்ளி நிற்பது எத்துப்பல். வாயை மூடிக் கடிக்கும்போது, மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட 2, 3 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. இந்த இடைவெளி 6 மில்லிமீட்டரைத் தாண்டினால், பிரிட்டனில் பயன்படுத்தும் அளவுகோலின்படி அது சிகிச்சை மிகவும் தேவைப்படும் பிரிவு.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா எத்துப்பல்லும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மூன்று வகை. ஒன்று, தாடைகள் சரியாக இருக்கும். பற்கள் மட்டும் சாய்ந்திருக்கும். இரண்டு, மேல்தாடை எலும்பே முன்னால் வளர்ந்திருக்கும். மூன்று, மேல்தாடை சரியாகவே இருக்கும். கீழ்த்தாடை போதுமான அளவு வளராமல் பின்தங்கியிருக்கும். "மேல்தாடை தூக்கலா இருக்கு டாக்டர்" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் இந்த மூன்றாவது வகைதான். பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பாருங்கள். மோவாய் உள்வாங்கித் தெரிந்தால் கீழ்த்தாடையைச் சந்தேகிக்கலாம். உறுதியாகச் சொல்லத் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே வேண்டும். அதை எடுத்து அளக்காமல் கிளிப் மாட்டத் தொடங்குவது சரியல்ல.

ஏன் வருகிறது? பெரும்பாலும் பரம்பரை. அப்பாவின் தாடையும் தாத்தாவின் தாடையும் பிள்ளைக்கு வருகிறது. அடுத்தது விரல் சூப்புவது. 4 வயதுக்குள் தானாக நிறுத்திவிட்டால் கவலை இல்லை. நிலைப்பற்கள் முளைக்கும் 6, 7 வயதிலும் தொடர்ந்தால் பல் தள்ளும். வேப்பெண்ணெய் தடவி, திட்டி, அவமானப்படுத்த வேண்டாம். பேசி, பாராட்டி நிறுத்தப் பாருங்கள். இன்னொன்று வாயால் மூச்சு விடுவது. தூக்கத்தில் வாய் திறந்து குறட்டை விடும் குழந்தையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு வீக்கம் இருக்கலாம்.

"அழகுக்குத்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பேஸ்மென்ட்டில் சைக்கிளும் ஸ்கேட்டிங்கும் ஓட்டுகிறார்கள். உதடு மூடாத முன்பல்தான் விழுந்தால் முதலில் அடி வாங்கும். ஒரு நிலைப்பல் உடைந்தால் ஆயுள் முழுக்க அதற்கு வைத்தியம். பள்ளியில் வைக்கும் பட்டப்பெயர் வேறு. போட்டோ எடுக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இங்கேயே ஒரு அவசரக் குறிப்பு. நிலைப்பல் வேரோடு கழன்று விழுந்தால், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொட்டுத் தேய்க்காதீர்கள். மண் இருந்தால் லேசாகக் கழுவி, முடிந்தால் அதே குழியில் வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயம்: காலம்.

நான் அதிகம் கேட்கும் இரண்டு வசனங்கள் உண்டு. "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும் என்று இருந்தோம்" என்பது ஒன்று. "பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று இருந்தோம்" என்பது இன்னொன்று. பத்தாவது முடியும்போது பிள்ளைக்கு 15, 16 வயது. பெண் குழந்தைகளுக்கு வேகமான வளர்ச்சி சுமார் 11, 12 வயதில் வந்து போய்விடுகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 13, 14. தாடை வளரும்போதுதான் அந்த வளர்ச்சியை நமக்குச் சாதகமாகத் திருப்ப முடியும். வளர்ச்சி நின்ற பிறகு பல்லை நகர்த்தலாம். எலும்பை நகர்த்த அறுவை சிகிச்சை வேண்டும்.

அதற்காக 8 வயதிலேயே எல்லாருக்கும் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. சிறு வயதில் ஒன்று, பதின்பருவத்தில் ஒன்று என இரண்டு கட்டமாகச் செய்ததையும், பதின்பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. முன்பல் அடிபடுவது குறைகிறது என்பதைத் தவிர, சீக்கிரம் தொடங்கியதால் வேறு பெரிய லாபம் தெரியவில்லை. ஆகவே என் கணக்கு எளிது: 7 வயதில் ஒரு தடவை காட்டுங்கள். பல் மிகவும் தள்ளியிருந்தால், அடிபடும் ஆபத்து அதிகமிருந்தால், கேலி பிள்ளையை வாட்டினால் அப்போதே தொடங்கலாம். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு பார்வை. பெண்ணுக்கு 10, 11 வயதிலும் பையனுக்கு 11, 12 வயதிலும் முடிவெடுக்கலாம்.

என்ன சிகிச்சை? கீழ்த்தாடை பின்தங்கிய வளரும் பிள்ளைக்கு, ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய ட்வின் பிளாக் பெரிதும் பயன்படுகிறது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு பிளேட். சரிவான கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது கீழ்த்தாடை முன்னால் வந்துதான் கடிக்க முடியும். கிட்டத்தட்ட நாள் முழுக்க, 9 முதல் 12 மாதம் போட வேண்டும். முதல் வாரம் பேச்சு குழறும், பிறகு பழகிவிடும். கழற்றி டிபன் பாக்ஸில் வைத்துவிட்டால் பலன் இல்லை. இதில் பல் நகர்வதுதான் அதிகம். எலும்பில் கிடைக்கும் லாபம் குறைவு. "தாடையை நன்றாக வளர்த்துத் தருகிறேன்" என்று யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மேல்தாடையே முன்னால் வளர்கிற பிள்ளைக்கு, தலையைச் சுற்றிப் பட்டை போட்டுப் பின்னால் இழுக்கும் ஹெட்கியர் உண்டு. மாலையும் இரவுமாகத் தினம் 12 மணி நேரமாவது வேண்டும். பிள்ளையின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது.

அதன் பிறகு, அல்லது நேரடியாக, கிளிப். பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு. பல்லை உள்ளே கொண்டுபோக இடம் வேண்டும் என்பதால், கோரைப்பல்லுக்கு அடுத்த சிறு கடைவாய்ப்பல்லைச் சிலருக்கு எடுக்க வேண்டியிருக்கும். மேல்பல் எடுத்தால் கண் பார்வை போகும் என்பது வெறும் பயம். பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. எலும்பில் சின்ன ஸ்க்ரூ வைத்து அதைப் பிடிமானமாகக் கொண்டு இழுக்கும் முறையும் இப்போது உண்டு.

பெரியவர்களுக்கும் கிளிப் போடலாம், வயது தடையில்லை. ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் போதும். ஆனால் தாடையே காரணமாக இருந்து, அளவும் அதிகமாக இருந்தால், தாடை அறுவை சிகிச்சையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். "மூணு மாசத்துல கல்யாணம்" என்று மகளை அழைத்து வரும் பெற்றோருக்கு நல்ல வழி எதுவும் என் கையில் இருப்பதில்லை. அவசரமாகப் பல்லைச் சீவி உறை போடுவது குறுக்குவழி. நல்ல பல்லை இழந்துதான் அது கிடைக்கும்.

கடைசியாக ரிட்டெய்னர். கிளிப் கழற்றியதும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். பல ஆண்டுகள் இரவில் ரிட்டெய்னர் போட வேண்டும். இரண்டு ஆண்டு உழைப்பை இரண்டு மாத அலட்சியத்தில் விட்டுவிடாதீர்கள்.

உரைக்குப் பிறகு கேட்கப்பட்ட சில கேள்விகள்:

"தினமும் விரலால் அழுத்திவிட்டால் பல் உள்ளே போகாதா?"
போகாது. பல் நகர, மெல்லிய விசை மணிக்கணக்கில் விடாமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அழுத்துவதால் ஒன்றும் ஆகாது.

"ஆன்லைனில் அலைனர் வாங்கலாமா?"
அலைனர் நல்ல கருவிதான். ஆனால் வாயை நேரில் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. தாடைக் கோளாறு அலைனரால் மட்டும் தீர்வது அரிது.

"கிளிப் போட்டால் என்ன சாப்பிடக் கூடாது?"
முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு. கொய்யாவும் ஆப்பிளும் துண்டு போட்டுச் சாப்பிடலாம். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் பல் துலக்க வேண்டும்.

"செலவு?"
இடத்துக்கு இடம் மாறும். ரிட்டெய்னர் அதில் சேர்ந்ததா, உடைந்தால் தனிக் கட்டணமா என்று தொடங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பார்ப்பவர் பல் சீரமைப்பில் எம்டிஎஸ் படித்தவரா என்றும் கேளுங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கலாம், ஆனால் செலவு மிகக் குறைவு.

இன்று வீட்டுக்குப் போனதும், 7 முதல் 12 வயதுப் பிள்ளை இருந்தால், பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த லீவுக்குக் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.