கரண்டியோடு கணக்கு நோட்டும்



விடிந்ததும் மும்பை நாக்காக்களில் வேலை தேடி நிற்கும் நம் மக்கள் கையில் கரண்டி உண்டு, தூக்குக்குண்டு உண்டு, ரசமட்டம் உண்டு. கணக்கு நோட்டு மட்டும் இல்லை.

பெரிய கட்டடம் எழுப்புகிற முதலாளி செலவில் நூற்றுக்கு 1 ரூபாய் தொழிலாளர் நலநிதிக்குக் கட்ட வேண்டும். இது 1996 முதல் சட்டம். அந்த நிதி யாருக்கு? 18 வயது நிரம்பி 60 ஆகாத, கடந்த 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்து, பதிவு பெற்றவருக்கு. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே 90 நாளைத்தான் கேட்கிறது. வெளிமாநிலத்தார் என்று சட்டம் நம்மைத் தள்ளவில்லை.

ஆனால் நாளுக்கொரு மேஸ்திரி, வாரத்துக்கொரு சைட்! நம் 90 நாளுக்குச் சாட்சி யார்?

ஆகவே முதல் நாளே எழுதத் தொடங்குவோம்: தேதி, இடம், மேஸ்திரி பெயர், வேலை, கூலி. கூலி வாங்கும்போதே கையெழுத்தும் கேட்போம். சித்தாள் வேலை பார்க்கும் சகோதரிகளுக்குத் தனி நோட்டு வேண்டும். புருஷன் கணக்கில் அவர்கள் உழைப்பைக் கரைக்கக் கூடாது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எழுதட்டும்.

மாடி நாம் கட்டியது. நிதியும் நம்முடையது. நாள்கணக்கைக் காட்டிக் கேட்போம்!