மீண்டும் சைக்கிள் ஏறினோம்
(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்புக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கல்லூரியின் பெருமையை மற்றவர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாங்கள் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறோம். 1996 இல் உயர்தரம் எழுதிய நாங்கள் ஆறு பேர், பல வருடங்களாகச் சைக்கிளைத் தொடாமல் இருந்து, 2022 இல் மறுபடி ஓடத் தொடங்கிய கதை இது.

எங்கள் காலத்தில் சைக்கிள் இல்லாமல் படிப்பே இல்லை. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்யில் புகை கக்கிக்கொண்டு ஓடின. மற்ற எல்லோருக்கும் சைக்கிள்தான். அரிசி மூட்டை, விறகு, நோயாளி, மாப்பிள்ளை எல்லாம் சைக்கிளிலேயே வந்தன. இரவில் அதைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். பிறகு ஜாம் போத்தல் விளக்கில் பாடம் படித்தோம்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால், புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. அங்கே அது ஒரு இயக்கம். இங்கே எங்களுக்கு யாரும் இயக்கம் நடத்தவில்லை. பெற்றோல் இல்லாமைதான் எங்கள் தாய்மாரையும் எங்களையும் சைக்கிளில் ஏற்றியது.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோதும் சைக்கிள் கூட வந்தது. ஆனால் அன்று ஒருவராலும் அதில் ஏறி ஓட முடியவில்லை. நாவற்குழிப் பாதையில் அவ்வளவு சனம். கரியரில் உடுப்பு மூட்டை, ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல், பாரில் தம்பி தங்கை. இரவு முழுக்க மழையில் உருட்டிக்கொண்டே போனோம்.

திரும்பி வந்தபின் நடந்ததை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விடமுடியாது. 1996 செப்டெம்பர் 7 அன்று, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவர் வீடு போய்ச் சேரவில்லை. தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களின் உடல்கள் செம்மணியில் எடுக்கப்பட்டன. அதே பரீட்சையை எழுதிய வயது எங்களுக்கு. எங்களில் ஒருத்தியின் வீடும் அந்தப் பாதையில்தான். அதன்பிறகு அவள் தனியாகச் சைக்கிள் ஓடியதில்லை. அவளுடைய அம்மா சைக்கிளைக் கொட்டிலுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார்.

மற்றவர்கள் விட்டதற்கு இவ்வளவு பெரிய காரணம் இல்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தது, சிலரிடம் மோட்டார் சைக்கிள் வந்தது. 2009 க்குப் பிறகு ஸ்கூட்டிகள் வந்தன. கல்யாணம், பிள்ளைகள், வேலை. சைக்கிளில் போவது வசதி குறைந்தவர்களின் அடையாளம் என்று நாங்களே நினைக்கத் தொடங்கினோம். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் நிலையங்களில் இரவு பகலாக வரிசை. யூன் மாத முடிவில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். ஸ்கூட்டி வாசலில் நின்றது. பிள்ளைகளுக்கு ரியூசன், எங்களுக்கு வேலை. கொட்டிலைத் திறந்தோம்.

சைக்கிள் கடை ஐயா ஒரே பார்வையில் சொன்னார்: "பிள்ளை, ரயர் பார்க்க நல்லாத்தான் கிடக்கு. காத்தடிச்சால் வெடிக்கும்." அப்படியே வெடித்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விழும், பிறேக் கட்டைகள் இறுகிப் பிடிக்காமல் போகும். ரயர், ரியூப், பிறேக் கட்டை மூன்றையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டபின்தான் அவர் எங்களை ஏறவிட்டார்.

சைக்கிளை மறக்கமாட்டோம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. சமநிலை இரண்டு நிமிடத்தில் வந்தது. வராதது வேறு: பின்னால் திரும்பிப் பார்த்தால் ஹாண்டில் வளைந்தது. ஒரு கையை எடுத்துச் சைகை காட்டப் பயம். இறங்கத் தெரியவில்லை, விழத்தான் தெரிந்தது. ஆகவே காலை ஆறு மணிக்கு வெறும் மைதானத்தில் பழகினோம். முதலில் இரண்டு காலும் நிலத்தில் படும்படி சீற்றை இறக்கினோம். பயம் தெளிந்தபின், பெடல் கீழே போகும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் அளவுக்கு உயர்த்தினோம். உயர்த்தாமல் ஓடியவர்களுக்கு ஒரு கிழமையில் முழங்கால் நோ வந்தது. சேலையை விட்டுச் சல்வாருக்கு மாறி, துப்பட்டாவை இறுக்கிக் கட்டினோம்.

கைதடிக்காரி மட்டும் மைதானத்தோடு நின்றாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஒருநாள் அவளே, "மகள் இனித் தனியச் சைக்கிளில் போகவேணுமாம். நான் ஓடாமல் அவளைப் போகாதே என்று சொல்ல ஏலாது, போ என்று சொல்லவும் ஏலாது" என்றாள். அடுத்த ஞாயிறு ஆறு பேரும் அவளை நடுவில் விட்டுக் கண்டி வீதியால் போனோம். சோழகக் காற்று முதுகில் தள்ளியது. செம்மணியைக் கடக்கும்போது அவள் திடீரென்று இறங்கி உருட்டத் தொடங்கினாள். சென்றியைக் கண்டால் இறங்கி உருட்டவேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். அங்கே இப்போது சென்றி இல்லை. அவளுடைய காலுக்கு அது தெரியவில்லை. நாங்களும் இறங்கினோம். ஒருவரும் பேசாமல் கொஞ்சத் தூரம் உருட்டினோம். பிறகு அவள்தான் முதலில் ஏறினாள். திரும்பி வரும்போது எதிர்காற்று. மூச்சு வாங்கி, நாவற்குழியில் இளநீர் குடித்து, வீடு வந்து சேர்ந்தோம். இப்போது தாயும் மகளும் சேர்ந்து ஓடுகிறார்கள்.

பெற்றோல் திரும்பி வந்துவிட்டது. ஸ்கூட்டிகளும் திரும்பி வந்துவிட்டன. எங்கள் காலத்தில் இல்லாத வேகம் இன்று வீதியில் இருக்கிறது. பின்னால் ஒளிரும் விளக்கு இல்லாமல் மாலையில் ஓடவேண்டாம். பயந்தால் இறங்கி நில்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. தூர இடங்களிலிருந்து நடந்து வரும் மாணவிகளுக்காக, வீடுகளில் சும்மா கிடக்கும் சைக்கிள்களைச் சேர்த்துத் திருத்திக் கொடுப்போம். ரயர், ரியூப் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. மற்றது, ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்களோடு மைதானத்துக்கு வாருங்கள். வரும்முன் காற்று அடித்துப் பாருங்கள். வெடித்தால் கடை ஐயாவிடம் கூட்டிப்போகிறோம்.