விலாசம் தேடலும் தெளிதலும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் கடித உறையின்மேல் ஆளின் பெயரும், தந்தையின் பெயரும், வைரவர் கோயிலடி என்னும் ஒரு குறிப்பும் இருந்தாற் போதும். கடிதம் உரியவர் கையிற் சேர்ந்துவிடும். இலக்கமில்லாத வீட்டையும் பெயரில்லாத ஒழுங்கையையும் தபாற்காரர் அறிவார். ஒரே பெயரில் ஊரில் இருவர் இருந்தால், கொழும்பிலிருந்து வரும் கடிதம் எவருக்கு, மலாயாவிலிருந்து வரும் கடிதம் எவருக்கு என்பதும் அவருக்குத் தெரியும். விலாசத்திலுள்ள குறையை நிரப்பியவர் இடையில் நின்ற அந்த மனிதரே.

மின்னஞ்சலில் அந்த மனிதர் இல்லை. ஓர் எழுத்துப் பிழைத்தால் மடல் திரும்பி வரும். அல்லது திரும்பி வராமலே, பிழைபட்ட விலாசத்துக்கு உரிய வேறொருவரிடம் போய்ச் சேரும். முன்னதால் பெரிய நட்டமில்லை. பின்னதிலேதான் ஆபத்து.

பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் பெற்ற ஒரு மாணவி, மேற்படிப்புக்காக அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுத விரும்புகிறாள் என்று கொள்ளலாம். பேராசிரியரின் பெயரை அவள் அறிவாள், அவருடைய ஆய்வுகளையும் படித்திருக்கிறாள், விலாசந்தான் தெரியாது. இணையத்தில் தேடுகிறாள். பேராசிரியரின் பெயரும் புகைப்படமும் தாங்கிய ஒரு பக்கத்தில் ஒரு விலாசம் கிடைக்கிறது. எழுதுகிறாள். இரண்டே நாளில் மறுமொழி வருகிறது: புலமைப்பரிசில் நிச்சயம், ஆனால் விண்ணப்பத்தைப் பதிவதற்கு ஒரு தொகையை இவ்வாரத்துக்குள் அனுப்பிவைக்க வேண்டும் என்று. வீட்டில் தாயின் சங்கிலியை அடைவு வைப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. மடலை எழுதியவர் உண்மையிற் பேராசிரியர்தாமா என்னும் கேள்வி அப்பொழுதுதான் பிறக்கிறது. விலாசத்தைக் கண்ட கணத்திலேயே பிறந்திருக்க வேண்டிய கேள்வி அது.

மின்னஞ்சல் விலாசம் இரண்டு கூறுகளைக் கொண்டது. 1971 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ரே டொம்லின்சன் என்னும் பொறியியலாளர் அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கிடையே வலையமைப்பின் வழியாக மடல் அனுப்ப முயன்றார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு அவருக்கு ஒரு குறி தேவைப்பட்டது. கணக்கெழுதுவோர் 'இன்ன விலைப்படி' என்பதற்கு வழங்கிவந்த, வால் சுழித்த 'ஏ' எழுத்தை அவர் எடுத்துக்கொண்டார். முதல் மடலில் என்ன எழுதினார் என்பதை அவரே பின்னர் மறந்துவிட்டார். குறி மட்டும் நிலைத்துவிட்டது. அக்குறிக்கு இடப்பக்கம் நிற்பது ஆளின் பெயர். வலப்பக்கம் நிற்பது அவர் சார்ந்த நிறுவனத்தின் பெயர்.

இடப்பக்கத்தைக் கண்டவுடனேயே பலரும் நம்பிவிடுகின்றனர். இடப்பக்கத்தில் எவரும் எந்தப் பெயரையும் இட்டுக்கொள்ளலாம். இலவச அஞ்சற் சேவை ஒன்றிலே, உலகறிந்த அறிஞர் ஒருவரின் பெயரிற் பெட்டி திறப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். வலப்பக்கமோ பதிவேட்டில் ஏறிய பெயர். 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த பெயர் முறைமையின்படி, அதுபோன்ற ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்தில் ஒருவருக்கே உரியது. இலங்கைக்குரிய 'எல்கே' என்னும் ஈற்றுப்பெயர் 1990 இல் வழங்கப்பட்டது. 2010 இல் 'இலங்கை' என்று தமிழெழுத்திலேயே ஓர் ஈற்றுப்பெயரும் கிடைத்தது. 'எல்கே'க்கு முன் 'ஏசி' நின்றால் அஃது உயர்கல்வி நிறுவனத்தையும், 'கவ்' நின்றால் அரச அலுவலகத்தையும் குறிக்கும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் 'ஏசி', 'யூகே' என்று முடிவன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 'ஈடியூ' என்று முடிவன. எனவே விலாசத்தை வலமிருந்து இடமாகப் படிப்பதே முறை.

தொழில் சார்ந்த விலாசத்தை முதலிலே தேடவேண்டிய இடம் நிறுவனத்தின் சொந்த வலைத்தளம். அத்தளத்துக்கும் பிறர் அனுப்பிய இணைப்பின் வழியாகப் போகலாகாது. ஆயினும் பல்கலைக்கழகப் பக்கங்கள் சற்றே சோம்பலானவை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளானவரும் அவற்றிலே இன்னும் உத்தியோகத்தில் இருப்பார். ஆதலால் ஆய்வுக் கட்டுரைகளையும் பார்த்தல் வேண்டும். பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையிலே, தொடர்புக்குரிய ஆசிரியர் என ஒருவர் குறிக்கப்படுவார். அவருடைய மின்னஞ்சல் விலாசம் முதற்பக்கத்தின் அடியிலோ கட்டுரையின் முடிவிலோ அச்சிடப்படுவது வழக்கம். அதிலே ஒரு நன்மை, கட்டுரை வெளிவந்த ஆண்டும் கூடவே நிற்பதாகும். 2013 இல் அச்சான விலாசத்தை இன்றும் உயிருள்ளது என்று எவரும் துணிந்து கொள்ளமாட்டார்.

ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிவதற்கு வேறொரு துணையும் உண்டு. 2012 இல் தொடங்கிய ஓர்க்கிட் என்னும் பதிவேடு, அதிற் சேர்ந்த ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இடங்களைக் கொண்ட ஓர் அடையாள எண்ணை வழங்குகிறது. பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. கூகுளின் ஆய்வேட்டுத் தேடற் சேவையிலும் ஆய்வாளர் தமக்கொரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். இன்ன நிறுவனத்து மின்னஞ்சலால் உறுதிசெய்யப்பட்டவர் என்று அதிலே ஒரு குறிப்பு வரும். அது முழு விலாசத்தையும் காட்டாது. வலப்பக்கத்தை மட்டுமே காட்டும். அரைகுறை போலத் தோன்றினாலும், மாணவிக்கு வேண்டிய பாதி அதுவே.

நிறுவனத்திலுள்ள மற்றவர்களின் விலாசங்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று பார்த்து, அதே அமைப்பில் வேண்டியவரின் விலாசத்தை ஊகிப்போரும் உளர். இதனையே வணிகமாகச் செய்யும் நிறுவனங்களும் உள. நூற்றுக்கு இத்தனை பங்கு நிச்சயம் என்று ஓர் எண்ணையும் அவை சேர்த்துத் தரும். எண் இட்டதனால் ஊகம் அறிவாகிவிடாது. ஆங்கிலப் பெயர்களுக்கு இம்முறை ஒருவாறு பொருந்தும். தமிழ்ப் பெயரிலே வந்து முட்டிக்கொள்ளும். தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்க, சொந்தப் பெயர் பின்னே வருவது தமிழர் வழக்கம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ குடியேறியவுடன் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிப் பின்னாலே போய்விடுகிறது. ஆள் ஒருவர், ஒழுங்கு இரண்டு. எழுத்துக்கூட்டலோ அதைவிடத் தொல்லை. ஞானசம்பந்தன் என்பதை ஆங்கிலத்தில் 'ஜி'யிலே தொடங்குவோரும் உண்டு, 'என்'னிலே தொடங்குவோரும் உண்டு. இடையில் 'எச்' இடுவோர் ஒரு சாரார், இடாதோர் ஒரு சாரார். ஊகித்த நான்கில் ஒன்று சரியாக அமைந்தாலும், மற்றை மூன்றும் வேறு மூவருக்கு உரியனவாய் இருத்தல் கூடும்.

ஊகித்ததை அஞ்சற் கணினியிடமே கேட்டறியலாமே என்பது அடுத்த எண்ணம். அதற்கு ஒரு வழியும் இருந்தது. 1982 இல் ஜொன் பொஸ்தல் எழுதிய அஞ்சல் நெறிமுறையிலே, 'இப்பெயரில் இங்கு ஒருவர் உண்டா?' என்று கேட்கும் கட்டளை ஒன்று இடம்பெற்றது. கந்தோர் வாசலில் நிற்கும் காவலாளியிடம் விசாரிப்பது போன்றது அது. ஆனால் வேண்டாத விளம்பர மடல்களை அனுப்புவோர் ஆயிரமாயிரம் பெயர்களை வரிசையாகக் கேட்டு, உண்டு என்று வந்தவற்றைப் பட்டியலாக்கத் தலைப்பட்டனர். அதன்பின் காவலாளி வாய் திறப்பதில்லை. இன்று பல கணினிகள் அக்கட்டளையை அடியோடு மறுக்கும். வேறு சில 252 என்னும் இலக்கத்தைச் சொல்லி, 'உறுதி கூற இயலாது, மடலைத் தந்தால் முயன்று பார்ப்பேன்' என்ற கருத்தில் நழுவிவிடும்.

மடலையே கொடுத்துப் பார்த்தால், ஏற்பதற்கு 250 என்றும், மறுப்பதற்குப் பெரும்பாலும் 550 என்றும் கணினி விடை கூறும். மறுப்பிலிருந்து ஓரளவு தெளிவு பிறக்கும். ஏற்றதிலிருந்து அதிகம் பிறக்காது. சில நிறுவனங்களின் கணினி எந்தப் பெயருக்கு வந்த மடலையும் வாங்கி ஒரே பெட்டியிற் போட்டுவிடும். சில, வாங்கியபின் ஓசையின்றி அழித்துவிடும். வேலையை விட்டுப் போனவரின் பெட்டி திறப்பாரின்றி நிரம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. பெட்டி இருக்கிறது என்பது ஒன்று. அதன் திறப்பு எவர் கையில் இருக்கிறது என்பது வேறொன்று. மாணவி அறியவேண்டியது பின்னதை.

திறப்புப் போலியாரின் கையில் இருப்பது எவ்வாறு நேர்கிறது என்பதைத் தமிழறிந்தோருக்கு விளக்குவது எளிது. ஔவையார் என்னும் பெயரை ஔகாரத்தால் எழுதலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். இவ்வாறே ஆங்கிலத்துச் சிறிய 'ஆர்', 'என்' என்னும் எழுத்துக்களை நெருக்கிவைத்தால் 'எம்' என்று தோன்றும். சிறிய 'எல்' எழுத்தும் 1 என்னும் இலக்கமும் இரட்டைப் பிள்ளைகள். இத்தகைய ஒரு மாற்றத்தோடு புதிய வலப்பக்கப் பெயரைப் பதிவுசெய்து கொள்வோர் உளர். மடல் எந்த நிறுவனத்தின் பெயரால் வருகிறதோ அந்நிறுவனத்தின் கணினியிலிருந்துதான் வந்ததா என்று ஆராயும் சோதனைகள் இக்காலத்தில் உண்டு. ஆனால் பெயரே போலியாகப் பதியப்பட்டிருந்தால், போலி மடலும் அச்சோதனையிலே தேறிவிடும்.

எளிய மாணவர்களை மட்டும் பிடிக்கும் வலையன்று இது. 2013 முதல் 2015 வரை, லித்துவேனிய நாட்டினரான இவால்தாஸ் ரிமசவுஸ்காஸ் என்பவர், தாய்வானிலுள்ள குவாண்டா கணினி நிறுவனத்தின் பெயரையே கொண்ட கம்பனி ஒன்றை லத்வியாவிற் பதிவுசெய்தார். குவாண்டாவின் பணியாளர்கள் அனுப்பியவை போன்ற மின்னஞ்சல்கள் கூகுள், பேஸ்புக் ஆகிய நிறுவனங்களின் பணியாளர்களுக்குப் போயின. குவாண்டாவோடு அந்நிறுவனங்களுக்கு உண்மையான வணிகம் இருந்ததனால், கொடுக்க வேண்டிய பணம் என்றே அவர்கள் எண்ணினர். 10 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை லத்வியாவிலும் சைப்பிரசிலும் இருந்த வங்கிக் கணக்குகளுக்குச் சென்றது. 2019 ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கோடிக்கணக்கான மக்களின் மின்னஞ்சலைத் தானே கையாளும் நிறுவனம் ஒன்று மின்னஞ்சலால் ஏமாந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். அங்கே அறிவுக்குக் குறைவில்லை. மடல் சொன்னதை மடலுக்கு வெளியே கேட்டறிவதுதான் தேவைப்பட்டது.

அந்த வெளி எது என்பதிலே பலர் தடுமாறுகின்றனர். ஐயத்துக்குரிய மடலின் அடியிலே காணும் தொலைபேசி இலக்கத்தை அழைத்து விசாரிப்பது, கள்வனிடமே கள்வனைப் பற்றிச் சாட்சி கேட்பதாகும். மடலை எழுதியவர் தொட்டு மாற்ற முடியாத இடத்திலிருந்து அந்த இலக்கம் வரவேண்டும்.

தேடலுக்கு ஓர் எல்லையும் உண்டு. தொழில் விலாசம் கடை வாசலிலே தொங்கும் பெயர்ப்பலகை, எவரும் பார்க்கலாம். வீட்டு விலாசம் அத்தகையதன்று. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அலுவலகத்துக்கு எழுதிய மடலுக்கு மறுமொழி வராவிட்டால், பேராசிரியரின் சொந்தப் பெட்டியைத் துருவி எடுக்க முயல்வதிலும், அவருடைய துறைக்கு எழுதுவதே தக்கது.

மாணவியும் அதையே செய்கிறாள். முதலிலே விலாசம் கிடைத்த பக்கத்தை மீண்டும் திறந்து பார்க்கிறாள். அது பல்கலைக்கழகத்தின் தளமன்று. மறுமொழி வந்த விலாசத்தின் வலப்பக்கம் ஓர் இலவசச் சேவையினுடையது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தானே தட்டச்சுச் செய்து, அத்தளத்திலே துறை அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கண்டெடுக்கிறாள். இங்கு மாலையாகும் பொழுது அங்கே காலை. தொலைபேசியை எடுத்த எழுதுவினைஞர், அப்பேராசிரியர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார் என்றும், மாணவரிடம் அவ்வாறு எவரும் மடலிலே பணம் கேட்பதில்லை என்றும் சொல்கிறார். புதிய பல்கலைக்கழகத்தின் பட்டியலிலே பெயர் இருக்கிறது. அண்மையில் வெளியான கட்டுரையின் அடியிலும் அதே விலாசம், அதே வலப்பக்கம்.

அவள் பத்து வரியில் ஒரு மடல் எழுதுகிறாள். சான்றிதழ்களையோ அடையாள அட்டையின் பிரதியையோ இணைக்கவில்லை. தன்னுடைய ஆய்வு விருப்பத்தை மாத்திரம் சொல்லி, மாணவரைச் சேர்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்கிறாள். மறுமொழி வர ஒன்பது நாட்கள் ஆகின்றன. அது நான்கே வரி. அவளுடைய பட்டப்படிப்பு ஆய்வேட்டை அனுப்பிவைக்கும்படி பேராசிரியர் கேட்டிருக்கிறார். பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சங்கிலி தாயின் கழுத்திலேயே கிடக்கிறது.