கட்டைவிரலின் வேர் மார்பில்

ரங்கநாதன் தெருவில் இரண்டு கையிலும் பைகளைச் சுமந்து, மாம்பலத்தில் ரயில் பிடித்து வீடு வந்த பிறகு சிலருக்குக் கட்டைவிரலின் அடிப்பாகம் விண்விண்ணென்று தெறிக்கும். நாள் முழுக்கச் செல்போனைத் தேய்க்கிறவர்களுக்கும் இப்படித்தான். நாம் விரலில் தைலம் தடவுகிறோம். நான் உங்களை மார்புக்கு அழைத்துப் போகிறேன்.

காறை எலும்புக்குக் கீழே, தோள் ஓரமாக அழுத்திப் பாருங்கள். ஒரு சின்ன எலும்பு முனை தட்டுப்படும். விலா எலும்புகளிலிருந்து ஏறி வரும் சிறிய மார்புத்தசை அங்கேதான் முடிகிறது. மேற்கையின் பைசெப்ஸில் ஒரு தலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த பைசெப்ஸின் நார், முழங்கை மடிப்பில் முன்கைத் தசைகளைப் போர்த்திய வெள்ளைச் சவ்வோடு, அதாவது ஃபேசியாவோடு, கலந்துவிடுகிறது. அமெரிக்கரான தாமஸ் மையர்ஸ் 2001இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு கைக்கும் இப்படி நான்கு தசைத் தொடர்களை வரைந்தார். அவற்றில் நாம் இப்போது பார்த்தது கட்டைவிரலில் முடிகிற தொடர். ஓரிடத்து இழுவை எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. தோளை முன்னால் சுருக்கி உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் விரலை மட்டும் கவனித்தால் போதாது என்பதே என் உறுதியான எண்ணம்.

தோளோடு மூச்சையும் சேர்த்துக் கவனிக்கலாம். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்துவிட்டு 1950களில் சென்னைக்கு வந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், கையைத் தூக்குவதையும் இறக்குவதையும் மூச்சோடு இணைத்தே சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த முறையை இன்றும் மந்தைவெளியில் கற்பிக்கிறது. மூச்சுக்கு விலா அசைகிறது. இந்தத் தொடரின் வேரும் விலாவில்தானே இருக்கிறது!

வீட்டில் செய்ய ஒன்று. கதவு நிலையில் உள்ளங்கையைத் தோளுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, ஊன்றுங்கள். அதே பக்கத்துக் காலை முன்னே வைத்து, மார்பை மெல்ல மறுபக்கம் திருப்புங்கள். ஐந்தாறு மூச்சு நிதானமாக விடுங்கள். இதமான இழுப்பு போதும். கை மரத்தாலோ, மின்சாரம் போலச் சுரீரென்றாலோ அது நரம்பு இழுபடுவது, உடனே தளர்த்திவிடுங்கள். தோள் மூட்டு ஒருமுறையாவது நழுவியவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம். வாரக்கணக்கில் விரல்வலி நீடித்தால் தசைநார் வீக்கமாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோள்பட்டையின் பின்னாலிருந்து சுண்டுவிரலுக்கு இறங்கும் தொடரை அடுத்த உரையில் பார்ப்போம்.