60 ஓட்டு எப்படி 51 ஆச்சு?

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு ரிட்டயர்மென்ட் வயசு கிடையாது. நாலு வருஷத்துக்குத் தேர்வான ஓர் அதிபர் நியமிக்கிறவர், முப்பது வருஷம்கூட அந்த நாற்காலியில இருக்கலாம். அதனாலதான் நியமனத்துக்கு செனட்டோட ஒப்புதல் வேணும்.

செனட்ல 100 பேர். ஒப்புதலுக்குப் பாதிக்கு மேல ஓட்டு இருந்தா போதும். ஆனா ஓட்டெடுப்புக்குப் போகணும்னா முதல்ல விவாதத்தை முடிக்கணும், அதுக்கு 60 ஓட்டு. முடிக்கவிடாம இழுத்தடிக்கிறதுக்குத்தான் ஃபிலிபஸ்டர்னு பேரு. 41 பேர் ஒண்ணா நின்னா நியமனம் அங்கேயே நின்னுடும்.

2005ல புஷ் நியமிச்ச சிலரை ஜனநாயகக் கட்சி இப்படித்தான் தடுத்தது. இந்த 60ஐயே தூக்கிடலாம்னு குடியரசுக் கட்சி கிளம்பிச்சு. மிட்ச் மெக்கானல் அதுக்கு ஆதரவு. ஹாரி ரீட் கடும் எதிர்ப்பு. ரெண்டு பக்கமும் ஏழேழு பேர் சேர்ந்து சமரசம் பேசி முடிச்சாங்க. 2013ல ஒபாமா அதிபர், ரீட் கையில மெஜாரிட்டி. இப்போ 60ஐத் தூக்கினவர் ரீட். சிறுபான்மையோட உரிமை போச்சேன்னு கொதிச்சவர் மெக்கானல். ஆள் மாறல, உட்கார்ந்த பக்கம்தான் மாறிச்சு.

தூக்கின விதம்தான் எனக்கு ரொம்ப சுவாரசியம். விதியை முறைப்படி திருத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு ஆதரவு இல்லாம விவாதத்தையே முடிக்க முடியாது. அதனால ரீட் என்ன பண்ணார்? "நியமனங்களுக்கு சாதாரண மெஜாரிட்டி போதும்"னு ஒரு வாதத்தை எழுப்பினார். அவைத்தலைவர், விதிப்படி அது செல்லாதுன்னார். அந்த முடிவு சரியான்னு ஓட்டுக்கு விட்டாங்க. இதுக்கு சாதாரண மெஜாரிட்டியே போதும்! 52 பேர் தப்புன்னாங்க, 48 பேர் சரின்னாங்க. முடிஞ்சது. விதிப்புத்தகத்துல ஓர் எழுத்துகூட மாறல. அர்த்தம் மட்டும் மாறிடுச்சு.

ரீட் சுப்ரீம் கோர்ட்டை மட்டும் விட்டுவெச்சார். 2017ல மெக்கானல் அதே வழியில அதையும் முடிச்சு, 54-45ல கோர்சச்சை உள்ள கொண்டுவந்தார். அது யாரோட இடம்? 2016ல ஒபாமா மெரிக் கார்லண்டை நியமிச்ச இடம். அவருக்கு விசாரணைகூட நடக்கல. கவனிங்க, அதைத் தடுத்தது சிறுபான்மை இல்ல, செனட்ல மெஜாரிட்டி வெச்சிருந்த கட்சி.

"41 பேர் எதுக்கு நூறு பேரை நிறுத்தணும்?"னு கேட்டா, நியாயமான கேள்விதான். சின்ன வயோமிங்குக்கும் பெரிய கலிஃபோர்னியாவுக்கும் ஆளுக்கு ரெண்டு செனட்டர்ங்கிற சபையில, அந்த 41 பேர் எத்தனை மக்களோட குரல்ங்கிறதும் சந்தேகம்தான். ஆனா 1991ஐப் பாருங்க. கிளாரன்ஸ் தாமஸ் ஜெயிச்சது 52-48ல. எதிர்த்த 48 பேரும் சேர்ந்திருந்தா தடுத்திருக்கலாம். அவங்க ஃபிலிபஸ்டரைத் தொடல. என் கணிப்புல, அந்த உரிமை அத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சதே அதை அபூர்வமா பயன்படுத்தினதாலதான். அடிக்கடி எடுக்க ஆரம்பிச்சதும், பிடுங்குறதுக்கு ஒரு காரணம் கிடைச்சிடுச்சு.

அதுக்கப்புறம் எதிர்க்கட்சியைக் கேட்க வேண்டிய அவசியமே போயிடுச்சு. 2020ல ஏமி கோனி பேரட்டுக்கு ஜனநாயகக் கட்சியிலேர்ந்து ஓர் ஓட்டுகூட விழல. தேர்தலுக்கு எட்டு நாள் முன்னாடி செனட்டோட ஒப்புதல் கிடைச்சிடுச்சு.

இப்போ மிச்சம் இருக்கிறது ஒரு நீலச்சீட்டு. மாவட்ட நீதிபதி நியமனத்துக்கு அந்த மாநில செனட்டர்கள் சம்மதிச்சுத் திருப்பித் தர்ற சீட்டு அது. எந்தச் சட்டத்துலயும் இல்லாத வெறும் பழக்கம். அடுத்த எபிசோடுல அதைப் பத்திப் பேசலாம்.