வயிறு முந்தியா, வண்டி முந்தியா?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் விவசாய விஞ்ஞானமும் மோட்டார் எண்ணெயும் என்பதாகும். இது படித்தவர்கள் பேசவேண்டிய சங்கதி என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியல்ல. சோறாக வேண்டிய அரிசிக்கு இன்று மோட்டார் வண்டியும் போட்டிக்கு வந்திருப்பதால், இது நம் அடுப்பங்கரைச் சங்கதியே ஆகும்.

பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்தை 2030-க்குள் நூற்றுக்கு 20 பங்கு கலக்கவேண்டும் என்று இந்திய சர்க்கார் 2018-ல் ஒரு கொள்கை வகுத்தது. 2022-ல் அதைத் திருத்தி, கெடுவை 2025-26-க்கு முன்னே இழுத்தது. 2025-ல் அந்த அளவை எட்டியும் ஆயிற்று. அன்னியநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சம், விவசாயிக்கு நல்ல விலை என்று இதற்குக் காரணம் சொல்லுகிறார்கள். இரண்டும் நல்ல காரியங்களே; நான் மறுக்க வரவில்லை. எதிலிருந்து காய்ச்சுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சினால் யாருக்கும் சண்டையில்லை. அது போதாமல் கரும்புச் சாற்றுக்கும், மக்காச்சோளத்துக்கும், அரிசிக்கும் போனபோதுதான் தகராறு வந்தது.

கணக்குப் பாருங்கள். ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் எத்தனால் இறங்கும். 40 லிட்டர் பிடிக்கும் ஒரு காரின் தொட்டியில் 8 லிட்டர் எத்தனால் இருக்கும். அதை அரிசியிலேயே காய்ச்சினால் ஏறக்குறைய 18 கிலோ அரிசி வேண்டும். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் சாதாரண ஏழை ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று வைத்திருக்கிறது. அதாவது, ஒரு தடவை தொட்டி நிரப்பினால் ஓர் ஏழையின் மூன்றரை மாத அரிசி அதில் போய்விடுகிறது!

அரிசி விலை ஏறுகிறதென்று 2023 ஜூலையில் சர்க்கார் கிடங்கு அரிசியைச் சாராய ஆலைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு கிடங்கு நிரம்பி வழிகிறதென்று 2024-25-ல் 52 லட்சம் டன் வரை ஒதுக்கினார்கள். தோழர்களே! கிடங்கு நிரம்பினால் வயிறு நிரம்பியதாக அர்த்தமா? வாங்கக் காசில்லாதவன் வாங்காததாலும் கிடங்கு நிரம்பும். புழுத்துப்போவதைவிடக் காய்ச்சுவது மேல் என்றால் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அதற்கு முன் எல்லோரும் உண்டார்களா என்று கேட்டீர்களா?

மக்காச்சோளத்தின் கதையும் இதுவே. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. நாமக்கல் கோழிக்குத் தீனியும் அதுதான். தீனி விலை ஏறினால் ஏழையின் முட்டை விலையும் ஏறும். காய்ச்சிய சக்கையில் ஒரு பகுதி தீவனமாகத் திரும்புவது உண்மையே. ஆனால் முழுதும் திரும்புவதில்லை. மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அன்னிய நாட்டிலிருந்து வாங்குகிறோம். கடலையும் எள்ளும் விளைகிற நிலத்தை மக்காச்சோளத்துக்கு விட்டுவிட்டு, ஓர் எண்ணெயை மிச்சம்பிடிக்க மற்றோர் எண்ணெயை வாங்குவது என்ன கணக்கு?

இதற்கு விஞ்ஞானம் என்ன செய்யும்? நிறையச் செய்யும். கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டிலே முளைக்கும் பேய்க்கரும்போடு கலந்து, 1918-ல் கோ 205 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். கலந்ததால் கரும்பு கெடவில்லை, வலுத்தது. அதே நிலத்தில், குறைந்த தண்ணீரில், கூடுதல் விளைவு காணுவதே முதல் வழி.

சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. காட்டாமணக்கு தரிசில் தண்ணீரில்லாமல் காய்க்கும் என்று நம்பி, 2011-12-க்குள் டீசலில் நூற்றுக்கு 20 பங்கு அந்த மாதிரி எண்ணெய் என்று 2003-ல் திட்டக் கமிஷன் குழு யோசனை சொல்லிற்று. செடி முளைத்தது, எதிர்பார்த்த காய் காய்க்கவில்லை. நட்ட விவசாயி நஷ்டப்பட்டான்.

இரண்டாவது வழி கழிவைக் காய்ச்சுவது. பானிபட்டில் 2022-ல் திறந்த ஆலை வருஷம் 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்கென்று கட்டப்பட்டது. வயலில் கொளுத்திப் புகையாக்கும் வைக்கோலுக்கு இது நல்ல கதி. ஆனால் மாட்டுக்கும் மண்ணுக்கும் வேண்டியதை விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

மூன்றாவது, வெயில். பயிர் தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சேர்த்துவைப்பது அருமை. சூரியத் தகடோ சுமார் 20 பங்கை மின்சாரமாக்குகிறது. வண்டியை மின்சாரத்தில் ஓட்டமுடியும்; மனிதனை ஓட்டமுடியாது. அவனுக்குச் சோறுதான் வேண்டும்.

ஆகவே மனிதன், மாடு, மண், மிஞ்சியது வண்டிக்கு என்பதே என் வரிசை. எத்தனாலைப் பற்றி யார் பெருமை பேசினாலும், எதிலிருந்து காய்ச்சினீர்கள், எவ்வளவு தண்ணீர் செலவாயிற்று, யார் பங்கு குறைந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.